டாக்டர் ஸ்பாக் நூலில் ஒரு பக்கம்

குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சென்ற நூற்றாண்டில் வெளிவந்த நூல்களுள் மிகப் புகழ் பெற்றது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய நூல். முதற் பதிப்பு 1946-இல் வந்தது. 1998-இல் ஆசிரியர் தம் 94-ஆம் வயதில் மறைந்தபோது ஏறத்தாழ 40 மொழிகளில் 5 கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. அவற்றுள் ஒரு பிரதி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. 1960-களில் அச்சானது. என் அக்கா பிறந்த ஆண்டில் என் தந்தையார் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பைண்டு விட்டுப் போய், முதுகில் காக்கித் துணி ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே பல பக்கங்களில் சிவப்புப் பென்சில் கோடுகள்.

மூன்று மாதம் முடிந்து என் மனைவி குழந்தையுடன் தாய்வீட்டிலிருந்து வந்து சேர்ந்த இரண்டாம் நாளே இப்புத்தகம் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. குழந்தை பால் குடித்த பத்து நிமிடத்தில் கக்குகிறாள். தோளில் போட்டால் தோளில், மடியில் வைத்தால் மடியில். கழுத்து மடிப்பில் தோல் சிவந்து ஈரமாக இருக்கிறது. கன்னத்திலும் முகவாயிலும் சிறு சிறு பொரிகள். என் தந்தைக்கு இரண்டு கவலைகள். தூக்கத்தில் கக்கினால் பால் மூச்சுக் குழலில் இறங்கிவிடாதா என்பது ஒன்று. இந்தத் தோல் எரிச்சல் பாலினால் வந்ததா, வேறு நோயின் அறிகுறியா என்பது மற்றொன்று. முதற் கவலைக்கு அவர் கையில் விடையும் இருந்தது.

"ஏப்பா, கக்குற பிள்ளையை இப்படி மல்லாக்கப் போடலாமா? புத்தகத்துலேயே போட்டிருக்கு, பாரு" என்று பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

என் தாயார் அடுப்படியிலிருந்தே, "அந்தப் புத்தகத்தைத் தூக்கி உள்ளே வைங்க. குப்புறப் போட்டா பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றார்.

இதே வழக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டில் நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. பகலில் தந்தையார் சொற்படி எங்களைக் குப்புறக் கிடத்துவதும், இரவில் அவர் தூங்கிய பின் தாயார் ஓசைப்படாமல் மல்லாக்கத் திருப்பி விடுவதுமாக நாங்கள் வளர்ந்திருக்கிறோம்!

ஆகவே இதனை ஒரு நூல் மதிப்புரை எனலாம். ஆனால் முழு நூலுக்கும் அல்ல, ஒரு பக்கத்துக்கு மட்டும். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் அப்பக்கத்தில் உள்ள வாதம் குழாய்களையும் நீர்மத்தையும் புவியீர்ப்பையும் பற்றியது. அந்த அளவில் எனக்கும் ஒரு சொல் சொல்ல இடமுண்டு.

முதலில் நூலின் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பாக்குக்கு முந்திய தலைமுறையில் மேலை நாட்டுத் தாய்மார்களுக்குக் கிடைத்த அறிவுரைகளை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். நியூசிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ட்ரூபி கிங், குழந்தை எவ்வளவு அழுதாலும் கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையே பாலூட்ட வேண்டும் என்றார். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் எழுதிய நூலில், பிள்ளைகளைக் கட்டி அணைப்பதும் மடியில் வைப்பதும் கூடாது, காலையில் கை குலுக்கினால் போதும் என்றார். இவர்களுக்கு நேர்மாறாக ஸ்பாக், தாயே, உனக்குத் தெரிந்தது நீ நினைப்பதைவிட அதிகம், அஞ்சாதே என்ற தொனியில் எழுதினார். நடை எளியது. அதட்டல் இல்லை. நள்ளிரவில் அழும் குழந்தையுடன் விழித்திருக்கும் ஒருவருக்கு அருகில் அமர்ந்து பேசுவது போன்ற நூல். என் தந்தை அதை நேசித்ததில் தவறில்லை.

பெரும்பாலான குழந்தைகள் கக்கவே செய்யும், அதனால் கெடுதியில்லை என்றும் நூல் சொல்கிறது. இது முற்றிலும் உண்மை. உணவுக் குழல் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற சுருக்குத் தசை ஒன்று உண்டு. சுருக்குப் பையின் வாயைக் கயிறு இழுத்து மூடுவதுபோல அது இரைப்பையின் வாயை மூடி வைக்கிறது. கைக்குழந்தைக்கு இத்தசை அடிக்கடி சில விநாடிகள் தளர்ந்துவிடும். உணவோ முழுக்க முழுக்க நீர்மம். நாளின் பெரும்பகுதி படுத்த நிலை. குடிக்கும் அளவையும் பாருங்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி லிட்டர் பால் வேண்டும். இதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் குடிப்பதானால் நாளைக்கு 9 லிட்டர்! குடித்துவிட்டுப் படுத்தும் கொள்ள வேண்டும். நாமும் கக்கத்தான் செய்வோம்.

1997-இல் அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் ஏறத்தாழ 950 குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டுத் திரட்டிய கணக்கு ஒன்று உண்டு. பிறந்து மூன்று மாதம் வரை உள்ள குழந்தைகளில் பாதிப் பேர் நாளைக்கு ஒரு முறையேனும் கக்கினர். நான்காம் மாதத்தில் இது 67 விழுக்காடாக ஏறுகிறது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் 5 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. அதாவது எங்கள் வீட்டில் தந்தையார் கவலைப்படத் தொடங்கிய நேரம், கக்குதல் இயல்பாகவே உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம்.

"குடிச்சது பூராவும் வெளியே வந்துருச்சு" என்பது தாத்தா பாட்டிமார் எல்லோரும் சொல்வது. இதற்கு வாசகர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு தேக்கரண்டிப் பாலை, அதாவது 10 மில்லி லிட்டரை, ஒரு பருத்தித் துணியில் ஊற்றுங்கள். அரை மில்லி மீட்டர் கனமுள்ள படலமாகப் பரவினால் அது 200 சதுர சென்டி மீட்டர் பரப்பை நனைக்கும். 16 சென்டி மீட்டர் விட்டமுள்ள வட்டம். நான் தந்தையார் அறியாமல் அப்படி ஒரு துணியை நனைத்துக் காட்டி, எவ்வளவு பால் இருக்கும் என்று கேட்டேன். "அரை டம்ளர்" என்றார்.

இனிச் சிவப்புக் கோடிட்ட பத்திக்கு வருவோம். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பதிப்புகளில் இக்கருத்து இடம் பெற்றது. மல்லாந்து தூங்குவதில் இரண்டு குறைகள் உள்ளன. வாந்தி எடுத்தால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மேலும் குழந்தை ஒரே பக்கம் தலையைத் திருப்பி வைத்திருப்பதால் மண்டையின் அப்பக்கம் தட்டையாகும். ஆகவே தொடக்கத்திலிருந்தே குப்புறத் தூங்கப் பழக்குவது நல்லது. பத்தியின் சாரம் இதுதான்.

படிப்பவருக்கு இதில் சந்தேகமே தோன்றாது. மல்லாந்து கிடப்பவன் வாயில் நீர் நிறைந்தால் மூச்சு அடைக்கும், கவிழ்ந்து கிடந்தால் நீர் வெளியே வழிந்துவிடும் என்பது பொது அறிவு. மயங்கிக் கிடக்கும் பெரியவரை நாம் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் இதனால்தானே? ஆனால் மயங்கியவருக்கு விழுங்கும் அனிச்சைச் செயல் இல்லை. நலமாகத் தூங்கும் குழந்தைக்கு அது இருக்கிறது. தொண்டையில் நீர்மம் பட்டவுடன் குரல்வளை மூடிக்கொள்ளும்; குழந்தை விழுங்கும், அல்லது இருமும், அல்லது விழித்துக்கொள்ளும்.

குழாய்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கழுத்தில் மூச்சுக் குழல் முன்புறமும் உணவுக் குழல் அதற்குப் பின்புறமும் உள்ளன. நாம் நிற்கும்போது இவை முன்பின்னாக இருக்கும். மல்லாந்து படுத்தால் முன்னது மேலே, பின்னது கீழே. இப்போது இரைப்பையிலிருந்து எதிர்த்து வரும் பால் கீழே உள்ள குழலின் வழியாக வருகிறது. அது மூச்சுக் குழலுக்குள் புக வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தாலோ மூச்சுக் குழல் கீழே வந்துவிடுகிறது; எதிர்த்து வரும் பால் அதன் வாய்மேல் தானாகவே விழக்கூடும். ஆக, ஸ்பாக் எந்தப் புவியீர்ப்பைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டாரோ, அது உண்மையில் எதிர்க் கட்சியில் இருக்கிறது!

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். "ஐயா, ஸ்பாக் நாற்காலியில் அமர்ந்து ஒரு வாதம் சொன்னார். நீங்களும் நாற்காலியில் அமர்ந்து ஒரு வாதம் சொல்கிறீர்கள். உங்களுடையது சரி என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. வாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைகளை எண்ணிப் பார்த்தால்தான் விடை தெரியும். இந்தப் பத்தியின் உண்மையான குறையும் இதுவே. உணவுக் குழலின் அமைப்பைத் தவறாக நினைத்தது சிறு பிழை. எண்ணிப் பார்த்துச் சொன்ன செய்திக்கும் யோசித்துச் சொன்ன கருத்துக்கும் வேறுபாடு தெரியாதபடி இரண்டையும் ஒரே குரலில் எழுதியது பெரும் பிழை.

எண்ணிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? இரவில் நலமாகத் தூங்கச் சென்ற குழந்தை காலையில் இறந்து கிடக்கும். பிரேதப் பரிசோதனையிலும் காரணம் கிடைக்காது. மேலை நாடுகளில் இதனைத் தொட்டில் மரணம் என்றனர். 1980-களில் பல மேலை நாடுகளில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று இவ்வாறு இறந்தன. 1985-இல் ஹாங்காங்கிலிருந்து டாக்டர் டேவிஸ் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கட்டுரையில், அங்கே இம்மரணம் ஆயிரத்துக்கு 0.3 என்ற அளவிலேயே இருப்பதைக் குறிப்பிட்டார். நெருக்கமான வீடுகள், மக்கள் கூட்டம் எல்லாம் இருந்தும் இது எப்படி? சீனத் தாய்மார் குழந்தைகளை மல்லாத்தியே கிடத்துவது வழக்கம் என்பது அவர் கண்ட வேறுபாடுகளுள் ஒன்று. நெதர்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் குப்புறக் கிடத்தும் அறிவுரை பரவியது, மரணங்கள் ஏறின. 1987-இல் அறிவுரை திருப்பப்பட்டது, மரணங்கள் இறங்கின. நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை நடந்த பெரிய ஆய்வும், பிரிட்டனில் ஏவன் பகுதியில் டாக்டர் பீட்டர் ஃபிளெமிங் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டின. பிரிட்டன் 1991 இறுதியில் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் தன் அறிவுரையை மாற்றியது. அந்நாட்டில் அவ்வாண்டு ஆயிரத்துக்கு 1.2 ஆக இருந்த தொட்டில் மரணம் 2001-இல் 0.56 ஆயிற்று. புது மருந்து ஒன்றும் வரவில்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

கக்கிய பால் அடைத்து மல்லாந்த குழந்தைகள் இறப்பது கூடியதா? இல்லை. அவ்வாறு கூடும் என்று அஞ்சியவர்கள் பலர். தேடிப் பார்த்தும் அது காணப்படவில்லை.

2005-இல் ரூத் கில்பர்ட் முதலானோர் லண்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வு இதைவிட வருத்தம் தருவது. 1940 முதல் 2002 வரை வந்த குழந்தை வளர்ப்பு நூல்களையும், படுக்கை நிலை பற்றிய ஆய்வுகளையும் அவர்கள் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தனர். 1970-க்குள் வெளிவந்திருந்த ஆய்வுகளை மட்டும் ஒன்று சேர்த்துக் கணக்கிட்டாலே குப்புறத் தூங்கும் குழந்தைக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது தெரிந்திருக்கும். எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்போதே அறிவுரை மாறியிருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000-மும் ஆகக் குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்பது அவர்களது மதிப்பீடு. மருத்துவச் சான்றுகளைத் திரட்டித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான பிரிட்டிஷ் மருத்துவர் இயன் சால்மர்ஸ், தாமும் இளமையில் ஸ்பாக்கைப் படித்து இதே அறிவுரையைப் பெற்றோருக்குச் சொன்னதைப் பின்னாளில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார்.

இத்தனை ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி? என் தந்தையாரே இதற்கு விடை தந்தார். "உங்க ரெண்டு பேரையும் குப்புறத்தானே போட்டு வளர்த்தேன். என்ன கெட்டுப் போச்சு?" என்றார். குப்புறப் போட்ட ஆயிரம் குழந்தைகளில் நான்கு இறப்பதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 996 வீடுகளிலும் தாத்தாமார் இதையே சொல்வார்கள், பொய்யில்லாமல் சொல்வார்கள். ஒரு மருத்துவர் தம் பகுதியில் ஆண்டுக்கு நூறு குழந்தைகளைப் பார்த்தால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு துயரத்தைக் காண்பார். அதை அவர் படுக்கையோடு பொருத்திப் பார்க்கக் காரணமே இல்லை. சிறிய வீதங்களை அனுபவம் காட்டாது. இயற்பியல் கூடத்தில் அபூர்வமாக நிகழும் கதிரியக்கச் சிதைவை எண்ணப் பல மணி நேரம் எண்ணியைத் திறந்து வைத்திருக்கிறோமே, அது போலத்தான்.

இவ்வளவு சொன்ன பின்னும் தந்தையாரின் வாதத்தில் ஒரு பகுதி உண்மை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குப்புறப் படுத்தால் இரைப்பையிலிருந்து எதிர்த்து வருவது குறைகிறது! உணவுக் குழலில் அமிலம் அளக்கும் மெல்லிய கம்பியைச் செலுத்தி 1980-களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். காரணமும் எளிது. உணவுக் குழல் இரைப்பையில் சேரும் வாய் பின்புறமாக அமைந்துள்ளது. மல்லாந்தால் அவ்வாய் பாலில் மூழ்கியிருக்கும்; தசை தளர்ந்தால் பால் வெளியேறும். கவிழ்ந்தால் பால் முன்புறம் தேங்கி, வாயருகே காற்றே இருக்கும். தசை தளர்ந்தால் காற்று மட்டும் ஏப்பமாக வரும். எனவே அக்காலத்தில் கக்கும் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தச் சொன்ன மருத்துவர்கள் அளக்காமல் சொல்லவில்லை. நன்றாகவே அளந்தார்கள். ஆனால் அளந்தது அமிலத்தை. அளக்க வேண்டியதோ உயிரை. ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்கள் மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தத்தைத் துல்லியமாக அளந்து மூன்று தசம தானத்துக்கு எழுதி வருவதுண்டு. அப்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. கக்கும் குழந்தையாயினும் தூக்கத்தில் மல்லாத்தியே கிடத்த வேண்டும் என்பதுதான் இன்று மருத்துவர்கள் சொல்வது.

என் தாயார் சொன்ன 'மூச்சு முட்டும்' என்பதிலும் பொருள் இருக்கிறது. மெத்தென்ற படுக்கையில் முகம் புதைந்தால், வெளிவிட்ட காற்றே முகத்தைச் சுற்றித் தேங்குகிறது. குழந்தை அதையே திரும்ப இழுக்கிறது. கரியமில வாயு கூடி, பிராணவாயு குறைகிறது. பெரும்பாலான குழந்தைகள் விழித்துத் தலையைத் திருப்பும், சில விழிப்பதில்லை. சிறு நுரைமணிகள் நிரப்பிய மெத்தைகளில் குப்புறக் கிடந்து இறந்த 25 குழந்தைகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் கெம்ப், தாக் இருவரும் 1991-இல் எழுதியது இத்துறையில் முக்கியமான கட்டுரை. பாயின்மேல் துணி விரித்து மல்லாக்கக் கிடத்தும் நம் பாட்டிமார் வழக்கம் இந்த வகையில் பாதுகாப்பானது. அதற்காகப் பாட்டி சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. என் தாயார் மடியில் வசம்பும் இருந்தது. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். சாம்பிராணிப் புகையும் அந்தச் சிறு நுரையீரலுக்கு வேண்டாத சுமை. புத்தகத்துக்கு எந்த உரைகல்லோ, பாட்டிக்கும் அதே உரைகல்தான்.

'அப்படியானால் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்கலாமே?' என்று தந்தையார் சமரசம் பேசினார். சாய்தளம் பற்றிய கணக்கு எல்லா மாணவருக்கும் தெரியும். எடையின் ஒரு கூறு சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும். குழந்தை சறுக்கும், முகவாய் மார்பில் படும், மெல்லிய மூச்சுக் குழல் மடங்கும். அமெரிக்காவில் சாய்வாகத் தூங்க வைக்கும் தொட்டில் ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பின், 2019-இல் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் 10 பாகைக்கு மேல் சாய்வுள்ளவற்றைச் சட்டத்தால் தடை செய்தார்கள். ஒருக்களித்த நிலையும் அப்படியே. அது உறுதியற்ற சமநிலை. சிறிது அசைந்தாலும் உருண்டு குப்புற விழும். அமெரிக்கக் கழகமும் 1992-இல் ஒருக்களித்துக் கிடத்தலாம் என்றுதான் சொன்னது. 2005-இல் அதைக் கைவிட்டது.

மருந்து? இதுவும் எண்ணிப் பார்க்கப்பட்டிருக்கிறது. பால் குடித்தபின் அழுது துவளும் 162 குழந்தைகளைச் சமமாகப் பிரித்து, 81 பேருக்கு அமிலம் குறைக்கும் லான்சோபிரசோல் மருந்தும், 81 பேருக்கு மருந்தில்லாப் போலி மருந்தும் கொடுத்தனர். 2009-இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் 44 பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்து பெறாதவர்களிலும் 44 பேருக்கே குணம் தெரிந்தது.

ஸ்பாக்கின் இரண்டாவது குறைக்கு, அதாவது மண்டை தட்டையாவதற்கு, நியாயம் வழங்க வேண்டும். அது உண்மை. 1992-க்குப் பின் மேலை நாடுகளில் பின்மண்டை தட்டையான குழந்தைகள் கூடின. விழித்திருக்கும்போது பெரியவர் கண் முன்னே சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விட்டால் இது பெரும்பாலும் சரியாகிறது, கழுத்துக்கும் பலம். தந்தையாருக்குப் பேத்தியைக் குப்புறப் போடும் உரிமை பகலில் இவ்வாறு கிடைத்தது.

தோல் எரிச்சல் பற்றிப் புத்தகம் அவருக்கு அதிகம் உதவவில்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். எடை ஒழுங்காக ஏறியிருப்பதை அட்டையில் பார்த்துவிட்டு, கழுத்து மடிப்பில் பாலும் எச்சிலும் தேங்குவதால் வந்தது என்றார். கைக்குழந்தையின் மேல்தோல் மிக மெல்லியது. நீரில் ஊறிய தோலில் உராய்வு கூடும்; மடிப்புக்குள் காற்று புகாது; ஊறிய இடம் உரிந்து எரியும். பரிகாரமும் அதற்கேற்றதுதான். கக்கிய உடனே வெறும் நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்த துணியால் ஈரம் போக்க வேண்டும். சோப்புத் தேவையில்லை, தோலின் இயல்பான புளிப்புத் தன்மையை அது போக்கிவிடும்.

தந்தையார் கடைக்குப் போய் ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்தார். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஈர மடிப்பில் பவுடர் பசையாகக் கட்டிக்கொண்டு மேலும் உராயும். காற்றில் பறக்கும் துகள் அதைவிடக் கெடுதல். 2 மைக்ரான் விட்டமுள்ள டால்க் துகள், அசையாக் காற்றில், ஸ்டோக்ஸ் விதிப்படி ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். அதுவரை குழந்தை அதைத்தான் மூச்சாக இழுக்கிறது. டப்பா இப்போது கேரம் பலகைக்குப் பயன்படுகிறது.

எண்ணெய் பற்றி ஒரு சொல். புண்பட்ட தோலில் கடலை எண்ணெய் தடவ வேண்டாம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோல் வெடிப்பில் தடவிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் காணப்பட்டதாக 2003-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது.

கக்குதலும் தோல் எரிச்சலும் சேர்ந்து வந்தால் எப்போதும் இப்படிச் சாதாரணமாகவே இருக்கும் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. சொறி உடலெங்கும் பரவி, மலத்தில் இரத்தமோ சளியோ கலந்து, எடையும் ஏறாதிருந்தால், பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அது குடல் அடைப்பின் அறிகுறி. பொழுது விடியக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிறந்த சில வாரங்களில் ஒவ்வொரு முறை குடித்தபின்னும் பீறிட்டு வாந்தியெடுத்து மெலியும் குழந்தைக்கு இரைப்பையின் கீழ்வாய் தடித்திருக்கலாம். சிறு அறுவையில் சரியாகும். வாந்தியில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், துவண்டு கிடத்தல் இவற்றிலும் தாமதம் கூடாது. என் தந்தையின் இரண்டாம் கவலை, முதலாவதைவிட நியாயமான கவலை.

ஸ்பாக்கின் நூல் 1990-களின் பதிப்புகளில் திருத்தப்பட்டு, மல்லாந்து தூங்க வைக்கச் சொல்கிறது. ஆனால் விற்ற பிரதிகள் தாமாகத் திருந்துவதில்லை. எங்கள் வீட்டுப் பிரதியில் அப்பத்தியைக் கிழிக்கலாமா என்று கேட்டேன். புத்தகத்தைக் கிழிப்பது தந்தையாருக்குப் பிடிக்காத காரியம். பழைய சிவப்புக் கோட்டின் பக்கத்தில், "இது தவறு. 1992-இல் மாற்றம்" என்று தம் கையால் எழுதி வைத்தார்.

கழுத்துப் புண் பத்து நாளில் ஆறிற்று. குழந்தைக்கு இப்போது ஏழாம் மாதம். கக்குவது நாளைக்கு ஒருமுறை, சில நாள் அதுவும் இல்லை. மல்லாத்திப் படுக்க வைத்த ஐந்தாம் நிமிடம் தானே புரண்டு குப்புறத் தூங்குகிறாள். இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தையைத் திருப்பித் திருப்பி மல்லாத்த வேண்டியதில்லை, சுற்றிலும் தலையணையும் மெத்தென்ற துணியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர். ஆனால் தந்தையார் இரவில் இருமுறை எழுந்து வந்து அவளை மல்லாத்திவிட்டுப் போகிறார்.